தினசரி ஓட்டத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஒரே பிக்கப்: தேர்வும் மாற்றங்களும் (பலரின் அனுபவப் பகிர்வு; * குறிக்குப் பின் எழுதுபவர் வேறு)

வாரநாளில் அலுவலகம், விடுமுறையில் மணலும் மலையும் என்று இரண்டுக்கும் ஒரே பிக்கப் தேடுகிறவர்கள் என்ஜின் பவரில்தான் ஆரம்பிக்கிறார்கள். கதவோரத் தகட்டில் இருக்கும் மொத்த எடை வரம்பில் ஆரம்பியுங்கள். அதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் வண்டி சுமக்கும் அளவு. பின்தொட்டியில் ஏற்றும் சாமான் மட்டுமல்ல, உட்காரும் ஆட்களும் நீங்கள் மாட்டும் பம்பரும் அந்தக் கணக்கில்தான் வரும்.

வெற்று எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில விவரத்தாள்களில் டேங்க் நிறைய டீசலோடு போடுவார்கள், சிலவற்றில் வெறும் 10 லிட்டரோடு. 80 லிட்டர் டேங்க் என்றால் இந்த வித்தியாசமே 59 கிலோ வரை வரும்.

நடுத்தர டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரம்பு 3,050 கிலோ, வெற்று எடை 2,100, மிச்சம் 950. முன்பக்க இரும்பு பம்பரும் வின்ச்சும் (கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்) 100, ஃபைபர் கேனோபி (பின்தொட்டிக்கு மேல் மூடி) 80, ரேக் 30, இழுப்பறைகள் 80, இரண்டாவது பேட்டரி 30. இதுவரை 320. கூரைக் கூடாரம் 65, சாமானோடு ஃப்ரிட்ஜ் 45, தண்ணீர் 60, மீட்புச் சாதனமும் டூல்ஸும் 50, நான்கு பேர் 300, உணவு, துணி, நாற்காலி, கேஸ் எல்லாம் 80. கூட்டினால் 920. மிச்சம் 30 கிலோதான். பெரிய டயரும் அடித்தகடும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

இந்தப் பட்டியலை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள்: எப்போதும் வண்டியிலேயே இருப்பவை, பயணத்துக்கு மட்டும் ஏறுபவை. ஸ்பிரிங்கை முதல் பத்தியை வைத்துத் தேர்ந்தெடுங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் வண்டி அந்த எடையோடுதான் ஓடும். கழற்ற முடிகிற எதையும் நிரந்தரமாக மாட்டாதீர்கள்.

கேபின் விஷயம் சுருக்கமாக: டபுள் கேப்பின் பின்தொட்டி ஏறத்தாழ 1.5 மீட்டர், முன்வரிசையோடு பின்னால் சின்ன இடம் மட்டும் உள்ள எக்ஸ்ட்ரா கேப்பில் 1.8. பயணம் இருவருக்கு மட்டும் என்றால் எக்ஸ்ட்ரா கேப் வாங்கி, கேனோபிக்குள்ளேயே கால் நீட்டித் தூங்கலாம். கூரைக் கூடாரத்தின் 65 கிலோ மிச்சம். வாகனக் காப்பகத்தின் உயரத் தடுப்பிலும் இடிக்காது.

*

மேலே உள்ள கணக்கில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்: எடை எங்கே உட்காருகிறது என்பது.

பின் பம்பரில் ஸ்டெப்னியும் டீசல் கேன்களும் சேர்ந்து 100 கிலோ தொங்குகிறது, அது பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, வீல்பேஸ் 3.1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் ஆக்சிலில் கூடுவது 139 கிலோ. முன் ஆக்சிலில் 39 கிலோ குறைகிறது. ஸ்டியரிங் லேசாகிப் போவதும், எதிரே வருபவர் கண்ணில் ஹெட்லைட் அடிப்பதும் இதனால்தான். டிரெய்லர் கொக்கியில் விழும் எடைக்கும் இதே கணக்கு. மொத்த வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்சில் வரம்பைத் தாண்டிய வண்டிகள் ஏராளம்.

பின்பக்கம் தாழ்கிறதே என்று காற்றுப் பை வைப்பவர்கள் கவனிக்க. லீஃப் ஸ்பிரிங் எடையைச் சேசிஸில் முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் கொடுக்கிறது. காற்றுப் பை ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுகிறது. பின்னால் கனமான டிரெய்லர், மேடுபள்ளமான பாதை, பையில் முழுக்காற்று என்று மூன்றும் சேர்ந்தால் கேபினுக்குப் பின்னால் சேசிஸ் வளையும். பழைய வண்டி வாங்கும்போது கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

எடைமேடையில் மூன்று முறை எடுக்க வேண்டும்: முன்சக்கரம் மட்டும், முழு வண்டி, பின்சக்கரம் மட்டும். டேங்க் நிறைய, தண்ணீர் நிறைய, ஆட்கள் உள்ளே. காலி வண்டியை ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் மாட்டும் ஒவ்வொன்றின் எடையும் தெரிந்துவிடும்.

*

டயர் பற்றி. மாற்றங்களில் முதலில் செய்ய வேண்டியது இதுதான், அளவுக்கு மீறிப் போவதும் இதில்தான்.

265/65R17 டயரின் விட்டம் 776 மி.மீ. அதே ரிம்மில் 265/70R17 போட்டால் 803, அதாவது 3.4 சதவீதம் கூடுதல். முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 103க்கு மேல். இந்த அளவை வண்டி தாங்கும். 285/70R17 என்றால் 831 மி.மீ., 7 சதவீதம். இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உள் மட்கார்டிலும் சேசிஸ் ஓரத்திலும் உரசும். ஏற்றத்தில் டாப் கியர் நிற்காது, ஆட்டோமேட்டிக் ஏறி இறங்கித் தடுமாறும். பிரேக் தூரமும் கூடும். ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும், அது அடியில் பழைய இடத்தில் அடங்குகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டத்தில் இருக்க, 4H (நான்கு சக்கர ஓட்டம்) போட்டு ஓட்டினால், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

கனரக எல்.டி. (லைட் டிரக்) டயர் கல்லில் எளிதில் கிழியாது. ஆனால் காலி வண்டியில் தூக்கிப் போடும், ஒவ்வொன்றும் சில கிலோ கூடுதல், அதே எடையைத் தாங்கச் சாதாரண டயரைவிட அதிகக் காற்றும் கேட்கும். அலுவலக ஓட்டம் அதிகம் என்றால் தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் போதும். சேற்றுக்கான மட் டெரெய்ன் ஈரத் தார்ச்சாலையில் அவ்வளவாகப் பிடிக்காது, சத்தம் வேறு.

காற்று எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒருவர் சொன்ன எண் இன்னொருவர் வண்டிக்குப் பொருந்தாது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளவுங்கள். சாதாரண டயரில் 4 பி.எஸ்.ஐ., எல்.டி. டயரில் 6 ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறியிருந்தால் காலையில் வைத்த காற்று குறைவு. டயர் அதிகமாக நசுங்கிச் சூடாகிறது என்று அர்த்தம். சரளைப் பாதைக்கு 26 முதல் 28, மணலுக்கு 16 முதல் 18 என்று ஆரம்பித்துப் பாருங்கள். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காற்றை இறக்கினால் வேகத்தையும் இறக்க வேண்டும், சரளையில் 80, மணலில் 40.

*

சஸ்பென்ஷனில் கடைக்காரர் சொல்லாத சில விஷயங்கள்.

கனமான ஸ்பிரிங் கேட்டு வாங்காதீர்கள். பின் லீஃப் செட்டுகள் நிரந்தர எடையை வைத்துத்தான் வகை பிரிக்கப்படுகின்றன: சும்மா ஓட, 300 கிலோ வரை, 500 கிலோ வரை என்று. 500 கிலோ செட்டைப் போட்டுக் காலியாக ஓட்டினால் பின்சக்கரம் தரையில் நிற்காமல் குதிக்கும். ஈரச் சாலைத் திருப்பத்தில் அது ஆபத்து. முதலில் எழுதியவரின் 320 கிலோவில் பம்பரும் வின்ச்சுமான 100 கிலோ முன்பக்கம் இருப்பதால், பின்னால் 300 கிலோ செட் போதும்.

உயரம் 40 முதல் 50 மி.மீ. வரை. முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அதற்கு மேல் தூக்கினால் ஆக்சில் ஷாஃப்டின் கோணம் கூடி, அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் வெளியே அடிக்கும். ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணமும் குறையும், நேர் சாலையில் வண்டி அலையும். 50 மி.மீ. தூக்கினால் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அலைன்மென்ட் இயந்திரத்தில் சரியான எண் வராது. வேலைக்கு முன்னும் பின்னும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். எவ்வளவு ஏறியது, ஆறு மாதம் கழித்து எவ்வளவு உட்கார்ந்தது என்று தெரியும்.

பணிமனையில் நின்று பார்க்க வேண்டிய ஒரே விஷயம்: ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளை எப்போது கடைசியாக இறுக்குகிறார்கள் என்பது. வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். சில மாதத்தில் கிழிந்து கடகடவென்று சத்தம் போடும். சக்கரம் தரையில், எடை முழுவதும் அதன்மேல் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. ஆக்சிலை லீஃபோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்டை 500 கி.மீ. கழித்து மறுபடி இறுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் ஆக்சில் நகர்ந்து, லீஃபின் நடு போல்ட் வெட்டுப்படும்.

*

டீசல் வாங்குபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. தினசரி ஓட்டம் ஐந்து பத்து கி.மீ.தான் என்றால் புகை வடிகட்டியான டி.பி.எஃப். தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நேரமே கிடைக்காது. பாதியில் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் அதுதான் காரணம், ஆயிலை உடனே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை 20, 30 நிமிடம் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டினால் போதும். அதற்கு வழியில்லை என்றால் பெட்ரோல் பிக்கப் பார்ப்பதே நல்லது.

*

கரண்ட் வேலை பத்தி யாரும் எழுதலையே, நான் எழுதறேன்.

புது வண்டிகள்ல ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜை என்ஜின் கம்ப்யூட்டரே ஏத்தி இறக்கும். பழைய மாதிரி ரிலே போட்டு ரெண்டு பேட்டரியை இணைச்சா இரண்டாவது பேட்டரி ஒருநாளும் முழுசா ஏறாது. வோல்ட்டேஜைச் சீராக்கி ஏத்துற டிசி டிசி சார்ஜர்தான் வேணும், 25 ஆம்பியர் போதும்.

ஒயர்லதான் எல்லாரும் கஞ்சத்தனம் பண்றாங்க. பேட்டரில இருந்து பின்தொட்டிக்கு 6 மீட்டர், போக வர 12. 6 சதுர மி.மீ. ஒயர்ல 25 ஆம்பியர் போனா வழியிலேயே 0.87 வோல்ட் போயிடும். 16 சதுர மி.மீ. போட்டா 0.33 தான். கடையில "6 எம்எம்" னு கேக்காதீங்க, சில ஆட்டோ ஒயர்ல அது மேல் உறையோட சேர்ந்த விட்டம், உள்ள தாமிரம் 4.6 சதுர மி.மீ.தான் இருக்கும். ஃப்யூஸ் பேட்டரி முனையில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். பின்னாடி சார்ஜர் பக்கத்துல மட்டும் ஃப்யூஸ் போட்டா, நடுவுல ஒயர் உரசி ஷார்ட் ஆனதும் வண்டி எரியும். எர்த்தைப் பின்தொட்டி தகட்டுல அடிக்காதீங்க, சேசிஸ்ல பெயின்ட்டைச் சுரண்டிட்டு அடிங்க, இல்லைன்னா தனி ஒயரே இழுத்துடுங்க.

40 லிட்டர் ஃப்ரிட்ஜ் வெயிலைப் பொறுத்து ஒரு நாளைக்கு 30ல இருந்து 45 ஆம்பியர்-மணி (ஏஎச்) குடிக்கும். 100 ஏஎச் ஏஜிஎம்ல (சீல் வச்ச ஈய பேட்டரி) பாதியைத்தான் எடுக்கலாம், ஆக ஒரு நாள் தாண்டும். அதே அளவு லித்தியம் எடையில பாதிக்கும் கம்மி, ரெண்டு நாள் தாங்கும். ஆனா லித்தியத்தை என்ஜின் பக்கத்துல வைக்கக் கூடாது, பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ சார்ஜும் பண்ணக் கூடாது.

*

தூசிக்கு வருவோம். கேனோபி போட்ட பிக்கப்பில் தூசி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஜன்னல் ரப்பரை மாற்றுகிறவர்களே அதிகம்.

வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, தூசி சுழன்று பின்கதவை நோக்கி வருகிறது. டெயில்கேட்டின் கீழ் விளிம்பில், கீல்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். தண்ணீர் வடியட்டும் என்று கம்பெனியே விட்டது அது. அந்த வழியாகத்தான் உறிஞ்சப்படுகிறது. பின்தொட்டியின் முன்மூலைத் துளைகள், தகடுகள் சேரும் மடிப்புகள், டெயில்கேட் பக்கவாட்டு என மற்ற வழிகளும் உண்டு.

கண்டுபிடிக்க இரவில் உள்ளே பிரகாசமான விளக்கை வைத்துக் கதவைச் சாத்தி வெளியே நடந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தூசி நுழையும் இடம். கீழ் விளிம்புக்கு உள்ளீடற்ற குமிழ் ரப்பர், பக்கவாட்டுக்கு வேறு அளவு ரப்பர், மடிப்புகளுக்கு சீலன்ட். ஒட்டுவதற்கு முன் தகட்டை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் முதல் வெயிலிலேயே உரிந்து வரும். எல்லாவற்றையும் அடைத்த பிறகும் உள்ளே அழுத்தம் குறைவாகவே இருக்கும். அதனால் கேனோபி கூரையின் முன்பகுதியில் ஃபில்டர் உள்ள காற்று வாய் ஒன்று வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, மிச்சத் தூசியை வெளியே தள்ளும். கூரையில் நேராகத் துளை போடும் முன் உள்பக்கம் வலுத்தகடு எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பாருங்கள்.

*

என்ஜினுக்கு மேலிருந்து காற்றெடுக்கும் குழாயான ஸ்னார்கல் வைத்தால் ஆற்றில் இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு மாற்றுக் கருத்து. கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம், ஃபோர்டு ரேஞ்சருக்கு 800 மி.மீ., டொயோட்டா ஹைலக்ஸுக்கு 700 மி.மீ. என்பது மாதிரி, ஸ்னார்கல் வைத்தாலும் மாறாது. அது உதவுவது தூசியில்தான், உயரத்திலிருந்து காற்றெடுப்பதால் ஏர் ஃபில்டர் அதிக நாள் வரும்.

தண்ணீரில் இறங்குபவர்கள் அதற்கு முன் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவே உள்ள கியர்ப்பெட்டி) மூச்சுவிடும் குழாயான பிரீதரை நீட்டுங்கள். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் பட்டதும் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். குழாயை என்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோனால் முடிந்தது. வேலை ஒரு மணி நேரம்தான். ஆழமான தண்ணீரைக் கடந்த பிறகு நிரப்பும் போல்ட்டைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் பால்விட்ட டீ மாதிரி இருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

*

மீட்புச் சாதனம்: வின்ச்சின் இழுவை மொத்த எடை வரம்பைப் போல் ஒன்றரை மடங்கு. 3,050 கிலோவுக்கு 4,575, ஆக ஏறத்தாழ 10,000 பவுண்டு வகை. அந்த எண்ணும் டிரம்மில் ஒரே ஒரு அடுக்கு கயிறு இருக்கும்போதுதான், மேல் அடுக்குகளில் இழுவை குறைந்துகொண்டே போகும். முழு இழுவையில் 400 ஆம்பியர் வரை குடிக்கும் என்பதால் என்ஜினை ஓடவிட்டே இழுங்கள். இரண்டு பேர் அலுவலகத்துக்கும் ஆண்டில் ஓரிரு பயணத்துக்கும் ஓட்டும் வண்டிக்கு வின்ச்சே வேண்டாம் என்பது என் கருத்து. நான்கு மணல் பலகை, ஒரு மண்வெட்டி, இழுகயிறு போதும். முன் ஆக்சிலில் 40 கிலோ மிச்சம்.

இழுகயிற்றின் முறிவு எடை மொத்த வரம்பின் இரண்டு முதல் மூன்று மடங்கு. அதை மாட்ட வேண்டியது சேசிஸில் போல்ட் செய்த, எடை குறித்த மீட்புக் கொக்கியில். கப்பலில் கட்டுவதற்கென்று கம்பெனி வைத்த மெல்லிய வளையத்தில் வேண்டாம். டிரெய்லர் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்து பீரங்கிக் குண்டாகப் பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கயிறு விறைப்பாக இருக்கும்போது அதன் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

டயருக்குக் காற்றடிக்கும் பெரிய கம்ப்ரசரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃப்யூஸ் போகும், நேராக பேட்டரியில் கிளிப் போடும் வகையை வாங்குங்கள்.