20 வகை பீர் ஆச்சு: டிராஃப்ட் நுரை, பாட்டில் வாடை எப்படிச் சரி பண்றது?

பீளமேடு பார்:
வணக்கமுங்க. கோயமுத்தூர்ல ஹோட்டல் பார். நாலு லாகர் (சாதாரண வெளிர் பீர்) இருந்த எடத்துல இப்ப ஜெர்மன் கோதுமை பீர், பெல்ஜியம் பாட்டில், ஐபிஏ (ஹாப்ஸ் கசப்பு தூக்கலான பீர்), நைட்ரோ ஸ்டவுட் (நைட்ரஜன் ஏத்தின கருப்பு பீர்) கேன்னு 20 வகை. 30 லிட்டர் கெக்ல (பீர் பீப்பாய்) இருந்து டேப்ல புடிக்கற டிராஃப்டும் உண்டு. டிராஃப்ட் பாதி கிளாஸ் நுரையா வருது, பிரஷர் கொறைச்சா இன்னும் மோசமாகுது. பச்சைப் பாட்டில் லாகர் நாறுது, தேதி பாக்கி இருக்குது. கோதுமை பீரைக் கலங்கலா இருக்குன்னு திருப்பி அனுப்பறாங்க. ஓனர் இன்னும் 10 வகை எறக்கலாங்கறாரு. என்ன பண்ணலாமுங்க?

கெக்கும் குழாயும்:
பிரஷரைக் கொறைக்காதீங்க. கார்பன் டை ஆக்சைடைப் பீருக்குள்ள பிடிச்சு வெக்கறதே அதுதான். கொறைச்சா லைன்லயே (கெக்ல இருந்து டேப்புக்கு வர்ற குழாய்) கேஸ் பிரிஞ்சு நுரையா வரும். கெக் 3–4 டிகிரியில இருந்தா லாகருக்கு 12–14 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) வைங்க.

கூலர் டிஸ்ப்ளேயை நம்பாம, மூணாவது கிளாஸ்ல தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்க. சித்திரை வெயில்ல லாரியில வந்த கெக் உள்ளார குளிர முழுசா ஒரு நாள் வேணும். வந்த அன்னைக்கே மாட்டினா நுரைதான். மொத கிளாஸ் மட்டும் நுரைச்சா கூலருக்கும் டேப்புக்கும் நடுவுல லைன் சூடாகுது, இன்சுலேஷன் போடுங்க. எல்லாக் கிளாஸும் நுரைச்சா கெக் சூடு, இல்லீன்னா லைன் அழுக்கு, இல்லீன்னா கப்ளர் (கெக் வாயில மாட்டற இணைப்பு) வாஷர் தேய்ஞ்சிருக்கும்.

லைனை 14 நாளைக்கு ஒருக்கா கழுவணும். 2% காஸ்டிக் கரைசலை வெதுவெதுப்பா, பம்பு வெச்சு 15 நிமிசம் சுத்த விடுங்க. அப்புறம் தண்ணி விட்டு, உள்ள போறதும் வெளிய வர்றதும் பிஹெச் பேப்பர்ல ஒண்ணாக் காட்டற வரைக்கும் அலசுங்க. டேப்பைக் கழட்டி பிரஷ் போடுங்க. பீர் கல்லுக்கு (லைன் உள்ளார ஒட்டற கெட்டிப் படிவு) மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆசிட். ரெண்டையும் ஒண்ணாக் கலந்துடக் கூடாது; கையுறை, கண்ணாடி கட்டாயம்.

குளிர்பெட்டி:
நாத்தம் வெளிச்சத்தால வர்றது. ஹாப்ஸோட (பீருக்குக் கசப்பும் வாசமும் குடுக்கற பூ) கசப்புப் பொருள்ல ஒளி பட்டா கந்தக வாடை உண்டாகும். பச்சைக் கண்ணாடி இதைத் தடுக்கறதில்லை, பழுப்பு பெரும்பாலும் தடுக்கும், கேனுக்கு அந்தப் பயமே இல்லை. ஷோகேஸ்ல காலிப் பாட்டிலை அடுக்குங்க, நெறஞ்சது இருட்டுல நிக்கட்டும். குளிர்ல இருந்து எடுத்து மறுபடி குளிர்ல வெச்சதால நாறுதும்பாங்க, அது காரணமில்லை.

சூடு கெடுக்கறது வேற விதம்: அட்டை வாடை வரும். 32 டிகிரியில 3 நாள், 22ல 30 நாள், 3ல 300 நாள் ஏறக்குறைய ஒரே அளவு கெடும்னு தொழில்ல ஒரு தோராயக் கணக்கு இருக்குது. நம்மூரு குடோன்ல பங்குனி, சித்திரையில என்னாகும்னு யோசிங்க. ஐபிஏவுக்கு ஹாப்ஸ் வாசம்தான் உசுரு, அடைச்ச தேதி பாத்து மூணு மாசத்துக்குள்ள வித்துடணும். அதனால புதுசா 10 வகை வேண்டாமுங்க. மாசம் ஒரு பெட்டிகூட ஓடாததை நிறுத்திட்டு, அந்த எடத்துல புதுசு ஒண்ணை எறக்குங்க.

நொய்யல் கரை:
கலங்கல் ஈஸ்ட், கெட்டதில்லை. பாட்டிலை நிமித்தியே வெச்சிருங்க. உசரக் கிளாஸைப் பச்சத்தண்ணியில அலசி, சாய்ச்சு மெதுவா ஊத்தி, கடைசி 50 மில்லியைப் பாட்டில்லயே ஒரு சுத்துச் சுத்தி மேல விடுங்க. வாழைப்பழ, கிராம்பு வாசமும் ஈஸ்ட் குடுக்கறதுதான், எசன்ஸ் கிடையாது. சப்ளையருங்க இதை மேசையிலயே சொல்லிட்டு ஊத்தினா திரும்பி வராது.

கிளாஸை உப்புத்தண்ணியில அலசினா வெள்ளைக் கறை படியும், சிறுவாணித் தண்ணி போதும். உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா எண்ணெய்ப்பசை இருக்குது, நுரை நிக்காது.

பீளமேடு பார்:
பீர் மக்கை (கைப்பிடி கிளாஸ்) ஃப்ரீசர்ல வெச்சுக் கேக்கறாங்களே, குடுக்கலாமுங்களா?

நொய்யல் கரை:
வேண்டாமுங்க. உள்ள ஒட்டின பனி நுரையைக் கெளப்பும், வாசம் அமுங்கிரும். லாகர் 4–6 டிகிரி, கோதுமை 6–8, 9% பெல்ஜியம் 10–12. நைட்ரோ கேன் நல்லாக் குளிரணும், சூடாத் தெறந்தா பொங்கிரும். பள்ளிபாளையம் சிக்கனோட ஐபிஏ குடுத்தா கசப்பு காரத்தை ஏத்தும், அதுக்குக் கோதுமை பீரைச் சொல்லுங்க.