பெட்டியில கிடக்குற கண்டன்சர் கெடுமா கெடாதா

கொளச்சல் காயில்:
நேத்து பார்வதிபுரம் பிசிபி இங்க ஒண்ணு எழுதியிருந்தாரு, வாசிச்சதுல இருந்து எனக்கு கஞ்சி எறங்கல. ரெசிஸ்டர், கண்டன்சர், டிரான்சிஸ்டர், எல்இடின்னு எல்லாம் கலந்து வார கிட்டு ஒண்ண மூவாயிரம் ரூவாய்க்கு வாங்கி பெட்டியில போட்டா பத்து வருசத்துக்கு கடை வாசல் மிதிக்க வேண்டாமாம், அவரு 2015ல வாங்குனது இன்னும் புத்தம்புதுசா இருக்காம். ஓய், ரெசிஸ்டர விடும், அது நமக்க பேரன் காலத்துக்கும் கிடக்கும். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர், அதான் உள்ள ஈரம் வெச்சு அடைச்சு வருமே அது, பெட்டியில சும்மா கிடந்தாலே கெட்டுப்போவும். முப்பத்திரெண்டு வருசமா டிவியும் ஆம்ப்ளிபயரும் கழட்டி மாட்டுதேன், இத யாருகிட்டயும் படிச்சுட்டு வரல. சின்னப் பயலுவ இத நம்பி காச கொண்டு கொட்டுவானுவன்னு தான் எழுதுதேன்.

பார்வதிபுரம் பிசிபி:
அண்ணாச்சி, முதல்ல அது கண்டன்சர் இல்ல, கெப்பாசிட்டர். ரெண்டாவது, கரண்டே போவாத சாமான் எப்படி கெடும்? சூடு இல்ல, கரண்ட் ஏறி எறங்குற ரிப்பிள் இல்ல, டப்பாவுக்குள்ள தூங்குது. அது என்ன, நேத்து வாங்குன சாளை மீனா?

கொளச்சல் காயில்:
கெப்பாசிட்டராம். எங்க அப்பா காலத்துல இருந்து நாரோயில்ல எந்தக் கடையில போயி கண்டன்சர்னு கேட்டாலும் எடுத்துத் தருவான், நீரு போயி கெப்பாசிட்டர்னு கேளும், அவனும் அதத்தான் எடுத்துத் தருவான், வெலய மட்டும் ரெண்டு ரூவா கூட்டிச் சொல்லுவான். எப்படி கெடும்னு கேட்டீருல்ல, சொல்லுதேன். உள்ள அலுமினியத் தகடு, அதுக்கு மேல ஆக்சைடுன்னு ஒரு தோலு, மயிரிழைய விட மெலிசு, அந்தத் தோலு தான் கண்டன்சரே. அத உண்டாக்குறதே வோல்டேஜ் குடுத்து தான். பக்கத்துலயே எலக்ட்ரோலைட்டுன்னு ஒரு ஈரம் இருக்கு. வோல்டேஜ் இல்லாம வருசக்கணக்கா கிடந்தா அந்த ஈரம் தோலக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும், லீக்கேஜ் கூடும், அதாவது அடைச்சு நிக்க வேண்டிய கரண்ட் உள்ளால ஒழுகும். பத்தாததுக்கு அடியில உள்ள ரப்பர் அடைப்பு வழியா ஈரம் ஆவியாவும், ஒவ்வொரு பத்து டிகிரி சூட்டுக்கும் ஆயுசு பாதியாவும். உமக்க பெட்டி எங்க இருக்கு, ஆஸ்பெட்டாஸ் கூரைக்குக் கீழ பரண்ல தானே? மனசிலாச்சா?

தக்கலை டையோடு:
ஒரு சின்ன சந்தேகம். கெடுறதுன்னா ரெண்டு பேரும் எதச் சொல்லுதீய? லீக்கேஜ் கூடுறதா, மைக்ரோஃபாரட், அதாவது கொள்ளளவு குறையுறதா, இஎஸ்ஆர், அதாவது உள்தடை ஏறுறதா? மூணும் வேற வேற. அத மொதல்ல முடிவு பண்ணிட்டா சண்டை பாதி தீரும்.

பார்வதிபுரம் பிசிபி:
நான் அளந்துட்டேன் அண்ணாச்சி, சும்மா வாய்ல வடை சுடல. 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், 2015 பெட்டியில உள்ளது, மீட்டர்ல 452 காட்டுது. அதுல கூடக்கொறய 20 சதவீதம் இருக்கலாம்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான், 376 வரைக்கும் நல்லதுன்னு அர்த்தம். கெடல. அப்புறம், கடையில உள்ளது மட்டும் காலையில கறந்த பாலா? அதுவும் கண்ணாடி அலமாரியில எத்தன வருசம் கிடந்ததோ.

கொளச்சல் காயில்:
மீட்டர்ல மைக்ரோஃபாரட் பாத்தாராம். மீட்டர் ஒரு வோல்ட்டோ ரெண்டு வோல்ட்டோ குடுத்துப் பாக்கும், 25 வோல்ட் குடுத்தா அந்த கண்டன்சர் என்ன செய்யும்னு அதுக்கு எப்படி ஓய் தெரியும்? லீக்கேஜ் பாரும் லீக்கேஜ்.

சிதறால் சிறுசு:
அண்ணன்மாரே, நான் புதுசு. 555ன்னு ஒரு டைமர் ஐசி வெச்சு மாடித் தொட்டிக்கு தண்ணி நெறஞ்சா கத்துற அலாரம் செய்யணும். அதுக்கு அந்த பெரிய கிட்டு வாங்கணுமா?

சுங்கான்கடை சிப்பு:
கெடும்னு தான் நானும் சொல்லுவேன். 2000க்குப் பெறவு கொஞ்ச வருசம் கம்ப்யூட்டர் மதர்போர்டுல எல்லாம் கெப்பாசிட்டர் தலை வீங்கி ஒழுகுனது ஞாபகம் இருக்கா? நான் ஒரே போர்டுல பதினொண்ணு மாத்துனேன்.

பார்வதிபுரம் பிசிபி:
ஐயோ, அது எலக்ட்ரோலைட் கலவையிலயே தப்பு, ஓடிட்டு இருந்த போர்டு, பிராசசர் பக்கத்துல சூட்டுல கிடந்தது. நான் பெட்டியில கிடக்குறதப் பத்தி பேசுதேன். பெட்டி. பெ ட் டி.

கொளச்சல் காயில்:
பாத்தியளா, சிப்பும் சொல்லிட்டாரு, கெடும்.

மார்த்தாண்டம் மீட்டர்:
இவரு இங்க பெரிய உபதேசம் பண்ணுதாரு, அதனால கேக்கேன். ரெண்டு வருசம் முன்ன 12-0-12, அதாவது நடு வயர்ல இருந்து ரெண்டு ஓரத்துக்கும் 12 வோல்ட் வாரதுன்னு சொல்லி எனக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வித்தீரே, கொண்டு போயி அளந்தா 9-0-9 வந்துச்சே, அந்தக் காச எப்ப தருவீரு?

கொளச்சல் காயில்:
அது 12-0-12 தான். சோடியா வாங்குனதுல ஒண்ணு உமக்குத் தந்தேன், இன்னொண்ணு இப்பவும் எனக்க மேசையில இருக்கு. உமக்க மீட்டர்ல பேட்டரி மாத்தாம அளந்தா அப்பிடித்தான் காட்டும். இங்க அதப் பேசாதயும், இது கண்டன்சர் விசயம்.

மார்த்தாண்டம் மீட்டர்:
பேட்டரி செத்தா மீட்டர் கூடுதலாத் தான் காட்டும் ஓய், கொறச்சுக் காட்டாது. கடையில இருக்க ஆளுக்கு இது கூடத் தெரியல.

பார்வதிபுரம் பிசிபி:
சிறுசு தம்பி, வாங்கு, நல்லது. எனக்க கிட்டுல ரெசிஸ்டர் மட்டும் முப்பது வேல்யூ, ஒவ்வொண்ணும் இருபது, மொத்தம் 600. ராத்திரி பத்து மணிக்கு ஒரு யோசனை வந்தா உடனே செஞ்சு பாக்கலாம், வடசேரியில பஸ் ஏறி திருவனந்தபுரம் சாலைக் கடைக்கு ஓட வேண்டாம். அந்த ஒரு சுகத்துக்கே மூவாயிரம் தகும். 10கேயும் 1கேயும் தான் மொத வருசத்துலயே தீந்துபோச்சு, மத்ததெல்லாம் அப்பிடியே இருக்கு.

கொளச்சல் காயில்:
ஹா, வாயக் குடுத்து மாட்டிக்கிட்டாரு! வேண்டியது ஒரே வருசத்துல தீந்துச்சாம், வேண்டாதது பத்து வருசமா இருக்காம், இதுக்குப் பேருதான் பத்து வருசம் கவலை இல்லாம இருக்கதா? 82 ஓம்ஸும் 3.9கேயும் வெச்சு மாலை கோக்கப் போறீரா? தம்பி சிறுசு, நீ கேளு. 10கே, 1கே, 4.7கே, 100கே, எல்இடிக்கு 330, இதுல ஐம்பது ஐம்பது வாங்கு, கால் வாட் போதும். 104ன்னு எழுதுன செராமிக், அதாவது 0.1 மைக்ரோஃபாரட், கண்ண மூடிட்டு நூறு வாங்கு, எல்லா ஐசி பக்கத்துலயும் ஒண்ணு வேணும். பிசி547 டிரான்சிஸ்டர் ஒரு இருபது, 1என்4007 டையோடு ஒரு இருபது, 555 அஞ்சு, 5 வோல்ட் ரெகுலேட்டர் 7805 ரெண்டு. எலக்ட்ரோலிட்டிக் மட்டும் என்னைக்கு வேணுமோ அன்னைக்கு வாங்கு, ஏன்னா பெட்டியில கிடந்தா கெடும். சாமான எதுல போட்டு வைக்கன்னு கேட்டா, மூடி இறுகுன ஹார்லிக்ஸ் குப்பி நல்லது, உள்ள புது செருப்புப் பெட்டியில வருமே அந்த சிலிக்கா பொட்டலம் ரெண்டு போடு. எங்க வீட்டுல இருந்து கடலு கூப்பிடு தூரம், நமக்கு மழ வேற ரெண்டு சீசன், தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, தெறந்து வெச்ச டிரான்சிஸ்டர் கால் ஒரே வருசத்துல கருத்துப்போவும், அதுக்குப் பெறவு ஈயம் ஒட்டாது, உருண்டு உருண்டு ஓடும். பிளேடு வெச்சு சொரண்டி சொரண்டி எனக்க நகமே போச்சு. ஒரு தடவ எங்க வீட்டம்மா பனையோலப் பெட்டியில எல்லாத்தையும் அள்ளிப் போட்டு ஒதுக்கி வெச்சுட்டா, மழ முடிஞ்சு எடுத்துப் பாத்தா 7805 எல்லாம் பூசணம் புடிச்ச கருவாடு கணக்கா கிடக்கு.

சிதறால் சிறுசு:
ரொம்ப நன்றிண்ணே. கிட்டு வாங்கவா வேண்டாமா?

தக்கலை டையோடு:
இப்பவும் கெடுறதுன்னா எதுன்னு ரெண்டு பேரும் சொல்லல.

பார்வதிபுரம் பிசிபி:
கடலோரத்துல பனையோலப் பெட்டியில வெச்சுட்டு கெப்பாசிட்டர குத்தம் சொல்லுதாரு. எங்க பார்வதிபுரத்துல ஒண்ணும் கருக்கல. டவுன் ஆளுக சாமான ஒழுங்கா வெப்போம்.

கொளச்சல் காயில்:
டவுன் ஆளாம்ல. எம்பதுகள்ல இலங்கை ரூபவாகினி எடுக்க தெங்கு உசரத்துக்கு பைப்பு நட்டு, அதுல ஆன்டெனாவும் பூஸ்டரும் மாட்டி படம் புடிச்சது யாரு, நாங்க கடற்கரைக்காரங்க தான். எங்க ஆசான் அந்த பூஸ்டர எல்லாம் சொந்தமா சுத்துன காயில்ல செஞ்சாரு, கிட்டுல வாங்கல.

சுங்கான்கடை சிப்பு:
அப்பிடிப் பாத்தா இந்தியாவுலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984ல நாரோயில்ல தான் வந்துச்சு. கொளச்சல்ல இல்ல.

கொளச்சல் காயில்:
சிப்பு, நீரு காலையில எனக்க பக்கம் தானே ஓய் நின்னீரு? சவத்த விடும். நான் இன்னைக்கு சோதனையே பண்ணிட்டேன். 2015 தேதி போட்ட 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், இதுவர ஈயமே படாதது. மேசையில கிடந்த டிரான்ஸ்பார்மர்ல ரெண்டு ஓரத்து வயரையும் எடுத்து ஏசிய டிசியாக்க பிரிட்ஜ் போட்டு பில்டரும் வெச்சேன், கணக்கா 24 வோல்ட் வந்துச்சு, 10கே வழியா கண்டன்சருக்குக் குடுத்தேன். சார்ஜ் ஏற அரை நிமிசம் போதும், பெறவும் ரெசிஸ்டருக்குக் குறுக்க வோல்டேஜ் நின்னா அது லீக்கேஜ். ரெண்டு நிமிசத்துல 2.7 வோல்ட், அதாவது 270 மைக்ரோ ஆம்பியர். இந்த சைசுக்கு ரெண்டு நிமிசத்துல ஒரு 118 வரைக்கும் தான் கணக்கு. ரெண்டு மடங்குக்கு மேல! கெட்டுப்போச்சு, கேட்டீரா பிசிபி, கெட்டுப்போச்சு.

பார்வதிபுரம் பிசிபி:
அரை மணிக்கூர் விட்டுப் பாத்தீங்களா?

கொளச்சல் காயில்:
பாத்தேன். 0.4.

பார்வதிபுரம் பிசிபி:
40 மைக்ரோ ஆம்பியர்! அதானே, தோல் திரும்ப வளந்துட்டு! சும்மா தூங்குனத தட்டி எழுப்புனா எழும்பிடும், செத்தது எழும்புமா? கெடலன்னு உங்க கையாலயே காட்டிட்டீங்க, நன்றி அண்ணாச்சி.

கொளச்சல் காயில்:
அரை மணிக்கூர் வைத்தியம் பாத்து எழுப்பிட்டு சீக்கே இல்லன்னு சொல்லுதான் பாரு. உம்ம மாதிரி ஆளு வைத்தியம் பாக்காம நேரா சர்க்யூட்ல மாட்டி கரண்ட் குடுப்பான், டப்புன்னு போவும். கெடும்னா கெடும்.

தக்கலை டையோடு:
நான் கேட்டது இதத்தான்...

மார்த்தாண்டம் மீட்டர்:
நிக்கணும் நிக்கணும். மேசையில கிடந்த டிரான்ஸ்பார்மர்னா எனக்குத் தந்ததுக்க சோடி தானே? 12-0-12ல ரெண்டு ஓரமும் எடுத்தா 24 ஏசி, பிரிட்ஜும் பில்டரும் போட்டா ஏசிக்க உச்சத்தப் புடிச்சு டிசி 32க்கு மேல வரணும். உமக்கு வந்தது 24. 9-0-9ல 18 ஏசி, அதுல தான் கணக்கா 24 வரும். நீரே அளந்து நீரே எழுதிட்டீரு. காச எடும் ஓய்.

கொளச்சல் காயில்:
கொளச்சல்ல ராத்திரி லைன் 180 வோல்ட்டுக்கு மேல வாரதில்ல, அந்தக் கணக்குல 12-0-12லயும் 24, 25 தான் வரும். வேணும்னா நேருல வாரும், சாயா குடிச்சுட்டே அளப்போம், உமக்க மீட்டர கொண்டு வராதயும்.

மார்த்தாண்டம் மீட்டர்:
பகல்ல வாரேன். லைன் 230 இருக்கப்ப வாரேன்.

சிதறால் சிறுசு:
அண்ணே நான் 10கே மட்டும் நூறு வாங்கிட்டேன். அலாரம் கத்த மாட்டேங்குது, கண்டன்சர் கெட்டிருக்குமோ?