மறு: ‘ரூலிங்’ – தீர்ப்பா, முடிவா, வேறு சொல்லா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பலகைப் போர்விளையாட்டில் விதி தெளிவாக இல்லாதபோது ஆடுவோர் எடுக்கும் ‘ரூலிங்’குக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘ரூலிங்’ என்பதற்குத் ‘தீர்ப்பு’ போதும். நீதிமன்றச் சொல்லை விளையாட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன தவறு?

தவறில்லை ஐயா. ஆனால் போதாது. எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் டாங்கிகளை வைத்து, ஒன்றோடொன்று தொடரும் பல ஆட்டங்களாக ஒரு போர்த்தொடர் ஆடிக்கொண்டிருக்கிறோம். (‘கேம்பெய்ன்’ என்பதைப் ‘பரப்புரை’ ஆக்கியவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.) மூன்றாவது ஆட்டத்தில் ஒரு டாங்கி சுட வேண்டும். இலக்கு கண்ணுக்குத் தெரியுமா என்று பார்க்க, வழக்கம்போல் சுடும் டாங்கி நிற்கும் அறுகோணக் கட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து இலக்கு நிற்கும் கட்டத்தின் நடுப்புள்ளிக்கு நூல் பிடித்தோம். இதுதான் பார்வைக் கோடு. நூல் போனதோ, காட்டுக் கட்டத்தையும் வெட்டவெளிக் கட்டத்தையும் பிரிக்கும் கோட்டின் மேலேயே. பார்வைக் கோடு காட்டின் ‘வழியாக’ச் சென்றால் மறைக்கும் என்கிறது விதி. விளிம்பில் உரசிப் போவது ‘வழியாக’ ஆகுமா? ஒருவர் நூலை விரலால் லேசாக நகர்த்த, இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டார். அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் பகடை உருட்டி, ‘சரி, சுடலாம்’ என்று முடித்தோம். டாங்கி போயிற்று.

ஒற்றை ஆட்டமென்றால் அத்தோடு சரி. போர்த்தொடரில் அழிந்த டாங்கி அடுத்த ஆட்டத்துக்கு வராது. ஐந்தாவது ஆட்டத்தில் அதே மாதிரிக் கோடு வந்தது. இப்போது சுட வேண்டியவர் அன்று இழந்தவர். “அன்னைக்கு விட்டோமே” என்றார். எதிரில் இருந்தவர், “அது அன்னைக்குப் பகடை சொன்னது” என்றார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அன்று நாங்கள் எடுத்தது அந்த ஒரு சூட்டுக்கான முடிவா, தொடர் முழுவதற்குமான விளக்கமா என்று யாருமே சொல்லவில்லை. சொல்ல எங்களிடம் இரண்டு சொற்கள் இல்லை. ‘தீர்ப்பு’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நின்றது.

பழைய பிரஷ்யப் போர்விளையாட்டில் இந்தத் தலைவலி குறைவு. 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட விதிகளின்படி ஆடுவோர் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். 1876-இல் இன்னொரு படை அதிகாரி வெர்டி டு வெர்னுவா பகடையையும் அட்டவணைகளையும் ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் நடுவரின் அனுபவத்துக்கே விட்டார். நம் மேசையில் ஏது நடுவர்? எதிராளியும் நானும்தான் உரையாசிரியர்கள்.

உரையாசிரியர் என்றதும் நன்னூல் நினைவுக்கு வருகிறது. ஒரு நூலுக்கு ஆகாதவை என்று அது சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ ஒன்று, ‘மாறுகொளக் கூறல்’ இன்னொன்று. ஒரே விதி இரு பொருள் தந்தால் முன்னது, இரண்டு விதிகள் மோதினால் பின்னது. நாமோ ‘தெளிவற்ற விதி’ என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறோம். நாங்கள் நூல் பிடித்த தகராறு சுத்தமான மயக்கம், ஆகவே ‘மயங்குவிதி’. அந்த நகர்வுக்கு மட்டும் செல்வது ‘களமுடிவு’. தொடர் முடியும்வரை செல்வது ‘நிலையுரை’. இதற்கு ‘வழக்கு’ என்றே வைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் ‘நம்ம மேசையில ஒரு வழக்கு இருக்கு’ என்றால் கேட்பவர் சண்டை என்றுதான் நினைப்பார்.

> ‘ரூல்ஸ் லாயர்’ என்பதற்கு ‘விதி வழக்கறிஞர்’ எப்படி?

மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது அம்மா. ‘அழுகுணி’யும் சரிப்படாது. அழுகுணி ஆட்டம் ஆடுபவன் விதியை மீறுவான். இவரோ பக்க எண்ணோடு விதியைச் சொல்லியே கழுத்தை அறுப்பார். யாராவது நல்ல சொல் கொடுங்கள்.

அப்புறம், போன வாரம் ஒட்டுத்தாளில் ‘நிலையுரை 1: விளிம்பில் போனால் காடு மறைக்காது’ என்று எழுதி விதிப் புத்தகத்தில் ஒட்டினேன். நேற்றுப் பார்த்தால் அதன் கீழே வேறொரு கையெழுத்து: ‘களமுடிவு என்றல்லவா நினைத்தேன்?’