அம்மாவுக்கு 6 வாரம் ஓய்வு: ஊட்டி வீட்டு வேலையை எப்படிப் பிரிப்பது?

பெர்ன்ஹில்காரன்:
அம்மாவுக்கு நவம்பரில் முழங்கால் ஆபரேஷன். அதன்பின் 6 வாரம் அடுப்படியில் நிற்கவிடக் கூடாது. வீட்டில் அப்பா, நான், பிளஸ் டூ படிக்கும் தங்கை. காலையில் 2 மணி நேரம் வேலைக்கு ஆள் வைத்தால் போதும் என்கிறார் அப்பா. போதுமா? சமையலில் இந்தக் குளிருக்கு என்ன கவனிக்கணும்?

குன்னூர்க்காரி:
போதாது தம்பி. 2 மணி நேரத்தில் பாத்திரம், பெருக்கித் துடைப்பது, மிஞ்சினால் ஒரு குழம்பு. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும் பெண்களுக்கு அதிலேயே நாளுக்குச் சராசரி 289 நிமிடம் போகிறது, ஆண்களுக்கு 88. குழந்தை, முதியவர் பராமரிப்பு இதில் சேராது.

ஆபரேஷனுக்கு முந்தின வாரமே நோட்டு போடுங்கள். "என்ன வேலை?" என்று கேட்டால் "சமையல், துணி" என்று அம்மா முடித்துவிடுவார். "ஆறு மணிக்கு என்ன, ஏழுக்கு என்ன" என்று கேளுங்கள். அப்போதுதான் வெளியே வரும்: வெந்நீர் பாய்லருக்கான சீகை மர விறகை மழைக்கு முன் உள்ளே அடுக்குவது, மாற்று சிலிண்டரை மாட்டிய அன்றே அடுத்ததற்குப் பதிவது, அப்பாவின் மாத்திரை அட்டை தீரும் முன் வாங்குவது, ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா என்று விசாரிப்பது. பெயரில்லாத வேலைகள், பங்கு போடும்போது விட்டுப்போகும்.

கேத்தி_சமையல்:
சமையலுக்கு வருகிறேன். ஊட்டி 2,240 மீட்டர். தண்ணீர் சுமார் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கரிலும் உள்ளே வெப்பம் கீழே சமவெளியைவிடக் குறைவுதான். துவரம் பருப்பை அரை மணி ஊறவைத்து, வழக்கத்தைவிட 2–3 விசில் கூட விடுங்கள். வேகும் முன் புளி ஊற்றினால் எத்தனை விசில் விட்டும் பயனில்லை.

மாவு தான் பெரிய தலைவலி. இட்லி அரிசி 4, உளுந்து 1, வெந்தயம் 1 தேக்கரண்டி. வெதுவெதுப்பான நீரில் அரைத்து, கையால் கலக்கி, கம்பளி சுற்றி பாய்லர் பக்கத்தில் வையுங்கள். உப்பைப் பொங்கிய பிறகு போடலாம். கீழே 8 மணி நேரம் என்றால் இங்கே 16 கூட ஆகும். அவசரத்தில் சுடுநீரில் பாத்திரத்தை இறக்கினால் நுண்ணுயிர் செத்து, மாவு அப்படியே கிடக்கும். நாளை இட்லி வேண்டுமென்றால் இன்று காலையிலேயே ஊறப்போட வேண்டும். இதை யோசிப்பதும் வேலைதான்.

பெர்ன்ஹில்காரன்:
நன்றி. துணி?

குன்னூர்க்காரி:
மூடுபனியில் ரெண்டு நாளானாலும் காயாது. மெஷினில் ரெண்டாவது தடவை ஸ்பின் விட்டு, சட்டைகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். நெருக்கினால் ஈரம் நின்று வாடை வரும். யூனிபார்மை வெள்ளி மாலையே துவைத்துவிடணும். ஸ்வெட்டரைக் கொடியில் போட்டால் இழுத்துத் தொங்கிவிடும். பாயில் விரித்துக் காயவையுங்கள்.

மஞ்சூர்_வக்கீல்:
அப்பாவுக்கு ஒரு தகவல்: 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்று, இல்லத்தரசி திட்டமிடுவது, வரவு செலவு பார்ப்பது, சமைப்பது, வீட்டு வைத்தியம் எல்லாம் செய்கிறார் என்று விவரித்து, கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்கும் பங்குண்டு என்றது.

பிரிக்கும்போது ஒன்று: வேலையை எடுப்பவரே அதை நினைவில் வைப்பதும் எடுக்கணும். விறகு அப்பா என்றால் இருப்புப் பார்ப்பதும் அவர். இல்லையென்றால் அம்மா கட்டிலில் படுத்தபடி "கேஸ் பதிஞ்சியா, மாவு ஊறப்போட்டியா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.