நாகையில் கப்பலேறி மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு: டெல்டா மாணவர்களின் அனுபவப் பகிர்வு

கீழ்வேளூர் மாணவி:

வேளாண்மை படிக்கும் நாங்கள் சிலர், தாளடி நெல் அறுவடை முடிந்த கையோடு, 2025 மார்ச்சில் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்வந்தோம். ஓர் ஏற்றுமதிப் பயிரைச் செடியிலிருந்து ஏலம்வரை பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். தாய்லாந்து, இஸ்ரேல் என்றெல்லாம் பேச்சு வந்தது. நாங்கள் இலங்கையைத்தான் கேட்டு வாங்கினோம். ஒன்று, நாகப்பட்டினத்திலிருந்தே கப்பல் இருக்கிறது. இன்னொன்று, தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் நாங்களே தமிழில் நேராகப் பேசலாம். மற்ற நாடுகளில் மேலாளர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பியிருப்போம்.

நாகை–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, மழைக்காலத்தில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வழியாக ஹட்டனுக்கு பஸ். வழியில் மாத்தளையில் இறங்கி முத்துமாரியம்மனைக் கும்பிட்டோம். அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்காகத் தலைமன்னாரில் கரையேறிக் காட்டு வழியே நடந்து வந்த நம் ஊர்க்காரர்கள் உயிரோடு வந்து சேர்ந்த இடம் மாத்தளை. வழியில் காலராவுக்கும் பசிக்கும் இறந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. அந்த நடையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மறுபடியும் நடந்தார்கள்.

இனி தோட்டம். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கூப்பிட்டு எந்த மலைக்கு யார் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிறார்கள். பெண்கள் இடுப்பில் படங்கு என்னும் தடித்த துணியைக் கட்டிக்கொண்டு, தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. முற்றின இலை கலந்தால் திட்டு விழும். சரிவு எவ்வளவு செங்குத்து என்பது படம் பார்த்துத் தெரியாது. வெறுங்கையோடு ஏறிய எங்களுக்கே மூச்சு வாங்கியது. குளவிக் கூடு கலைந்தால் ஓடக்கூட வழியில்லை. குளவி கொட்டி மருத்துவமனையில் சேர்ப்பது அங்கே அடிக்கடி வரும் செய்தி.

நம் பக்கம் நடவுக்கு ஏக்கர் கணக்கில் பேசுகிறோம். அங்கே எல்லாம் கிலோ. நாங்கள் போன தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ பச்சைக் கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024 செப்டம்பரில் முடிவானது. அதற்கு முன்பு 2021-இலிருந்து 1,000 ரூபாய்தான். இடையில் 1,700 ரூபாய் என்று அரசிதழில் வந்து, கம்பெனிகள் நீதிமன்றம் போய் அது நின்றது. 1,350 இலங்கை ரூபாய் என்பது அன்றைய மதிப்பில் நம் பணத்தில் 400-க்குக் கொஞ்சம் குறைவு. அப்போது நம் ஊரில் நூறு நாள் வேலையின் கூலி 319 ரூபாய். பரவாயில்லையே என்று எங்களில் ஒருவர் சொன்னார். கடைக்குப் போய்ப் பார்த்தோம். நாட்டரிசிக்கு அரசு அப்போது வைத்திருந்த உச்ச விலையே கிலோ 230 ரூபாய். ஒரு நாள் முழுவதும் மலையேறினால் ஆறு கிலோ அரிசி தேறாது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில்தான் எனக்கு ஊர் நினைவு வந்தது. “மழை நாளில் தண்ணீர் நிற்கிறது என்று கழிக்கிறார்கள். வெயில் நாளில் சாக்குக்கு என்று கழிக்கிறார்கள். கழிக்காத நாள் எது என்று நீ கேட்டுச் சொல், பிள்ளை” என்றார் ஓர் அக்கா. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக வாசலிலேயே நெல்லைக் காயவைத்துக் காத்துக் கிடந்த அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். அளவுகோலும் தராசும் எதிராளி கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அக்கா இன்னொன்றும் சொன்னார். 2021-இல் அரசு இரசாயன உரத்தைத் தடைசெய்த பிறகு கொழுந்து சரியாக எழும்பவே இல்லையாம். கேட்ட கிலோ மட்டும் குறையவில்லையாம். அரைப்பேரிலேயே பல நாள் போனது என்றார்.

தொழிற்சாலையில் மேல்தளத்தில் கொழுந்தை வாட்டி, கீழே உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். கொழும்பில் 1883-இலிருந்து நடக்கும் ஏலத்துக்கு அது போகிறது. அங்கிருந்து ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு அமீரகம். ஏலத்தில் சராசரி விலை கிலோவுக்கு 1,200 ரூபாய் அளவில் இருந்த நேரம் அது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒருவர் ஒரு நாளில் பறிக்கும் 18 கிலோவில் 4 கிலோ தூள், 4,800 ரூபாய். பறித்தவருக்கு 1,350.

மேலாளரிடம் இதைக் கேட்டோம். அவர் கோபப்படாமல் பதில் சொன்னார். பறிப்புக்கு மட்டுமே ஒரு கிலோ தூளுக்கு 340 ரூபாய் ஆகிறது, களை, உரம், கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), விறகு, மின்சாரம், ஊழியர் சேமலாப நிதி (நம் ஊர் பி.எஃப்.) எல்லாம் அதற்கு மேல், ஏல விலையை நான் தீர்மானிப்பதில்லை என்றார். இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதியைத் தருவது சிறு தோட்டக்காரர்கள், அவர்களோடும் போட்டி போட வேண்டியிருக்கிறது என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. சம்பளத்தை மட்டும் வைத்துப் பேசினால் இரண்டு பக்கமும் எண்கள் இருக்கின்றன. பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எனக்கு விஷயம் புரிந்தது லயத்தில்தான். வெள்ளைக்காரன் காலத்து வரிசை அறைகள். பொதுச்சுவர், தகரக்கூரை. ஓர் அறையில் மூன்று தலைமுறை. நிலம் அரசுடையது, 1992-க்குப் பிறகு கம்பெனிகளின் குத்தகையில் இருக்கிறது. குடியிருப்பவர் பெயரில் ஒரு துண்டுத் தாள் கிடையாது. “வீட்டில் ஒருவராவது மலைக்குப் போக வேண்டும். எல்லோரும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் இந்த அறை யாருக்கு என்று கேட்பார்கள்” என்றார் அதே அக்கா. பிறகு எப்படி அவர் தராசுக்காரரோடு மல்லுக்கு நிற்பார்? இந்திய உதவியில் கட்டும் வீடுகளுக்கு ஏழு பேர்ச் (சுமார் நான்கரை சென்ட்) நிலம் கொடுக்கிறார்கள். கிடைத்தவர்கள் முகமே வேறு. அந்தத் தோட்டத்தில் பெரும்பாலோருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இது நமக்குப் புதிய கதையா? என் பாட்டியின் குடிசை மிராசுதாரின் மனைக்கட்டில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் வேலையும் போகும், கூரையும் போகும். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட ஆண்டுகளில், 1968 டிசம்பர் 25 இரவு, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1969-இல் நியாயக் கூலிச் சட்டம். ஆனால் பாட்டி எப்போதும் சொல்வது 1971-இன் குடியிருப்பு மனைச் சட்டத்தைத்தான். அந்தக் குழிக்கணக்கு மனை தன் பேருக்கு வந்த பிறகுதான் கூலி போதாது என்று நேருக்கு நேர் சொல்ல முடிந்தது என்பார். கூலியை உயர்த்துங்கள் என்று நாம் எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும் மனைப்பட்டாவை முதல் வரியில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாம் பின்தங்கி நிற்கும் இடமும் உண்டு. அங்கே பிள்ளைக் காம்பரா என்னும் தோட்டக் காப்பகத்தில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறார்கள். பேறுகாலச் சலுகையும் சேமலாப நிதியும் சட்டப்படி உண்டு. நம் வயலில் நாற்றுப் பறிக்கும் அக்காவுக்கு இதில் எது இருக்கிறது? குழந்தை வரப்பில் குடைக்கடியில் படுத்திருக்கிறது.

பாபநாசம் வாசகி:

படித்துவிட்டு அம்மாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பிறந்தது ஹட்டன் பக்கம். 1964-இல் இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் வந்தவர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேசுவரம் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, வியாபாரக் கடனுக்கான தாளோடு தாத்தாவின் பூர்வீக ஊருக்கு வந்தார்கள். வியாபாரம் யாருக்குத் தெரியும்? கடன் பணம் ஓர் ஆண்டு தாங்கவில்லை. கொழுந்து பறித்த கைக்கு நாற்று முடிச்சுப் பழக வெகுநாள் ஆனது. நடவுக் கும்பலில் ‘சிலோன்காரி’ என்று தனியாக ஒதுக்கி நிறுத்துவார்களாம்.

அம்மாச்சி ஒன்று சொல்லச் சொன்னார். இங்கே வந்த பிறகும் பல ஆண்டுகள் புறம்போக்கில்தான் குடிசை. ஆகவே உங்கள் பாட்டிக்குக் கிடைத்த மனை இங்கே எல்லோருக்கும் கிடைத்துவிட்டதாக எழுத வேண்டாம். அவர் பட்டா வாங்கியது நான் பிறந்த பிறகு.

மன்னார்குடி, அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவன்:

ஏற்றுமதி பற்றி நெல்லின் பக்கமிருந்து சொல்கிறேன். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தார்கள். அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. நம் பகுதி ஆலைகள் பெரும்பாலும் புழுங்கல்தான். சிங்கப்பூர், மலேசியாவுக்குத் தூத்துக்குடி வழியாக அனுப்பும் வியாபாரிகள் ஆர்டரைக் குறைத்தார்கள். எங்கள் ஆலையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வேலை நாட்கள் குறைந்தன. 2024 செப்டம்பரில் தடை நீங்கியது, அக்டோபரில் புழுங்கலுக்கான வரியும் போனது. அந்த டிசம்பரிலேயே இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு வந்து இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார்கள். கொழும்புக்குப் போன இந்திய அரிசியை அந்த லயத்து அக்காவும் வாங்கியிருப்பார். தடை போட்டபோதும் நீக்கியபோதும் மூட்டை தூக்குகிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் படிப்பில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா.

திருத்துறைப்பூண்டி விவசாயி:

மாணவர்கள் கடல் தாண்டிப் போய்ப் பார்த்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் என் வயலுக்கும் வாருங்கள். சில ஆண்டுகளாக நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று தரகர் மூலம் பேச்சு. ஆணும் பெண்ணும் சேர்ந்து கயிறு பிடித்து நடுகிறார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. தங்குவது பம்புசெட் கொட்டகையில். எனக்கும் ஆள் கிடைக்காத நேரத்தில் அவர்கள் தேவை. நான் கொடுக்கும் தொகையில் தரகர் எவ்வளவு எடுக்கிறார், அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால், தரகர் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றுகிறார். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. நம் உள்ளூர்ப் பெண்களுக்கோ, தங்கள் வேலை போகிறதே என்ற வருத்தம். அதுவும் நியாயம்தான். கங்காணி பிடித்துக்கொண்டு போன ஆட்களின் பேரப்பிள்ளைகளைப் பார்க்க இலங்கை போனீர்கள். தரகர் கொண்டுவந்து விடும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்.

கீழ்வேளூர் மாணவி:

பாபநாசம் அக்கா, அம்மாச்சிக்கு என் வணக்கம். அவர் சொன்னது சரி. எங்கள் தெருவிலேயே புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. வாய்ப்பிருந்தால் அவரை நேரில் பார்த்துப் பேச ஆசை. கப்பல், முகாம், கடன் எல்லாவற்றையும் அவர் குரலிலேயே பதிவுசெய்ய வேண்டும்.

மன்னார்குடி ஐயா, மூட்டை தூக்குகிறவர்களின் கூலிக் கணக்கை எங்கள் அறிக்கையில் தனிப் பகுதியாக வைக்கிறோம். உங்களிடம் அந்த மாதங்களின் வேலை நாள் பேரேடு இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டுப் பார்க்கக் கொடுப்பீர்களா?

திருத்துறைப்பூண்டி ஐயா, நாங்கள் வருகிறோம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கும்போது உங்கள் பக்கம் அவர்கள் வருவார்கள் என்றால் அப்போதே. எங்கள் வகுப்பில் வங்காளம் பேசத் தெரிந்த ஒரு தோழி இருக்கிறாள். அவளையும் அழைத்து வருகிறேன். முதலில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம்: ஏக்கருக்குப் பேசிய தொகையில் கைக்கு வருவது எவ்வளவு, ரயில் செலவு யாருடையது, காய்ச்சல் வந்தால் எங்கே போகிறார்கள், நடவு இல்லாத நாளில் யார் சாப்பாடு போடுகிறார்கள். உள்ளூர் நடவுக் கும்பலிலிருந்தும் இரண்டு அக்காக்கள் கூட வரச் சம்மதித்தால் நல்லது. அவர்களிடம் நீங்கள்தான் பேச வேண்டும். தரகர் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.