பாலன் குடிலைக் குப்பையில் கட்டலாமா?

கல்லடிப் பிள்ளை | டிசம்பர் 2, இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பங்கின் இளைஞர்கள் இந்த வருடம் நத்தார் (கிறிஸ்மஸ்) சோடனைக்குக் கடையில் ஒன்றும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். வீடுகளில் மிஞ்சிக் கிடக்கிற சாமான்களைச் சேர்த்துத்தான் குடிலும் நட்சத்திரமும் செய்யப்போகிறோம். மரத்துக்குச் சவுக்குக் கிளை. ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவித்தோம். இரண்டே நாளில் பால்மா பைக்கற், யோகட் கப், சோடாப் போத்தல், தயிர்ச்சட்டி, பழைய சீலை, சீமெந்துப் பை என்று மண்டபத்தின் ஒரு மூலை நிறைந்துவிட்டது.

நேற்று ஒரு மாமி வந்து பார்த்துவிட்டு, "பிறக்கப்போற பாலனுக்குக் குப்பையிலயா பிள்ளை வீடு கட்டப்போறீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மனம் நொந்து கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

எங்கள் யோசனை சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தோரணம் ஒரு மாரிமழை தாங்காது, சாயம் போய்க் குப்பைக்குப் போகும். அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் செத்தன என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு தோரணம் வாங்க எனக்குக் கை வரவில்லை. மறுப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.

புளியந்தீவு அறுபது | 8.52

தங்கச்சி, நான் அந்த மாமியின் பக்கம்.

வீட்டுக்கு ஒருவர் வந்தால் இருக்கிற பாயில் நல்ல பாயாகப் பார்த்துத்தான் விரிப்போம். ஞானிகள் மூவரும் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டு வந்தார்கள். நக்கித் தின்ற யோகட் கப்பைக் கழுவி அந்த இடத்தில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

எங்கள் அப்பாவுக்குச் சின்ன வருமானம். வருடத்துக்கு ஒரேயொரு கண்ணாடி உருண்டை வாங்குவார், மரத்தில் தொங்கவிட. அதற்கும் ஐப்பசியிலிருந்து சில்லறை சேர்ப்பார். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் கூரை போனது. கட்டிலுக்குக் கீழே இருந்த உருண்டைப் பெட்டி தப்பியது. அந்த நத்தாருக்குத் தறப்பாள் கட்டிய வீட்டுக்குள் நாலு உருண்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். மூன்று இன்றைக்கும் இருக்கிறது. வாங்கியதால் குப்பை கூடவில்லை. வாங்கியதைப் பத்திரப்படுத்தாமல் விட்டதால் கூடியது.

தாண்டவன்வெளி | 9.20

அண்ணன், உங்கள் உருண்டைக் கதை நெஞ்சைத் தொட்டது. ஆனால் "குப்பையில் குடில்" என்பது புதிய கூத்து என்ற மாதிரிச் சொல்வதை ஏற்க மாட்டேன். நான் பதினைந்து வயதிலிருந்து குடில் கட்டுகிறேன். குடில் மலையை எப்போதும் சீமெந்துப் பையில்தானே செய்தோம்?

செய்முறையை இங்கேயே எழுதிவிடுகிறேன், பிள்ளைகளுக்கு உதவும். இப்போது வருகிற பைகளில் பல நெய்த பிளாஸ்டிக், அவை வேண்டாம். கடதாசிப் பையாகத் தேடி எடுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு வெளியில் வைத்துத் தூசு தட்டுங்கள், சீமெந்துத் தூசு தோலையும் கண்ணையும் எரிக்கும். பிறகு நன்றாகக் கசக்கி, விரித்து, மறுபடி கசக்க வேண்டும். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்யும்போது கொஞ்சம் துருசு (மயில்துத்தம்) போட்டால் பூச்சி அரிக்காது. துருசு நஞ்சு, சின்னப்பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. கம்பில் சட்டம் கட்டி, பசை தோய்த்த கடதாசியை மடிப்பு மடிப்பாகப் போர்த்தி ஒரு நாள் காயவிட்டால் கல்மலை வந்துவிடும். நிறத்துக்குக் கரித்தூளும் காவியும் போதும், ஸ்பிரே தேவையில்லை. 13ஆம் திகதி நெல்லை ஊறவைத்து மறுநாள் சிரட்டைகளில் மண் போட்டு விதைத்தால் 24ஆம் திகதி நாலு விரல் உயரத்தில் பச்சைப் புல் நிற்கும்.

அசிசியின் புனித பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் காட்டினபோது அங்கே இருந்தது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும். பாலன் கிடந்ததே மாட்டுத் தீவனத் தொட்டியில்.

புளியந்தீவு அறுபது | 9.41

தம்பி, வைக்கோல் குப்பையா? நெல் விளைகிற ஊரில் பிறந்துவிட்டு அப்படிச் சொல்லலாமா? வைக்கோல் மாட்டின் சாப்பாடு. சீமெந்துக் கடதாசியையும் ஏற்கிறேன், அது மலையாக மாறிவிடுகிறது, பார்ப்பவருக்குப் பை தெரியாது. பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் கப் கப்பாகவேதான் தெரியும். என் மறுப்பு அதற்குத்தான்.

ஒளிவிழா ஆசிரியை | டிசம்பர் 3, காலை 6.35

பிள்ளை, உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

நான் முன்பு படிப்பித்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒளிவிழாவுக்கு, அதுதான் பள்ளி நத்தார் விழாவுக்கு, "கழிவுப் பொருளில் சோடனை" என்று போட்டி வைத்தோம். ஒரு தாய் கப் வேண்டும் என்பதற்காக இருபது யோகட் வாங்கி ஒரே இரவில் காலி செய்திருந்தார். இன்னும் சில பிள்ளைகள் புதுக் கடதாசித் தட்டு, கிளிட்டர் தூள், றெஜிபோம் (தெர்மோகோல்), பசைக்குச்சி எல்லாம் கடையில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வருகிற ஒரு பையன் மட்டும் ஒரு டின்மீன் பேணி கொண்டு வந்தான். பேணிக்குள் ஈரமணலை இறுக்கி அடைத்து, நசுங்காமல் ஆணியால் நட்சத்திர வடிவில் ஓட்டை போட்டு, உள்ளே மெழுகுதிரி வைத்திருந்தான். விளக்கை அணைத்தபோது வகுப்புச் சுவர் முழுக்க வெளிச்சப் புள்ளிகள். பரிசு மினுங்கினதுக்குப் போனது. நடுவர்களில் நானும் ஒருத்தி. அவன் முகம் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, என்ன சேர்ந்தது என்று எண்ணுவதோடு, செய்வதற்காக என்ன வாங்குகிறீர்கள் என்றும் எழுதி வையுங்கள். பசை, சாயம், கிளிட்டர் எல்லாம் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

ஏறாவூரான் | 7.18

டீச்சர் சொன்ன சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வாப்பா போத்தல், பழைய இரும்பு, கடதாசி எடுத்து விற்றுத்தான் எங்களை வளர்த்தவர். சுத்தமான சோடாப் போத்தலுக்கு விலை உண்டு. நசுக்கிக் கட்டிக் கொடுத்தால் அது உருகிப் புதுப் பொருளாகும். அதை வெட்டி, ஸ்பிரே அடித்து, பசை ஒட்டி, கிளிட்டர் தூவிவிட்டால் எங்கள் வாப்பா கையால் தொடமாட்டார். பத்து நாள் சோடனைக்காக ஒரு நல்ல போத்தலைக் கெடுத்துக் குப்பைமேட்டுக்கு அனுப்புகிறீர்கள். அதற்கு மீள்சுழற்சி என்று பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பால்மா பைக்கற் வேறு. அதில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது, பிரித்தெடுக்க முடியாது. வாப்பாவிடம் யாரும் அதைக் கேட்டு வந்ததே இல்லை. உள்பக்கம் வெள்ளிபோல் மினுங்கும், சாயமும் வேண்டாம். அதை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள்.

நத்தாருக்கு எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து கேக் வரும், பெருநாளைக்கு எங்கள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் போகும். அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதினேன்.

கல்லடிப் பிள்ளை | 7.50

ஏறாவூர் அண்ணன், இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. போத்தலை வெட்டிப் பூ செய்து வாசலில் தொங்கவிடத்தான் இருந்தோம். இப்போது குழப்பமாக இருக்கிறது.

ஓய்வு பி.எச்.ஐ. | 8.25

வாசலில் என்று படித்ததும் எனக்குப் பதறிவிட்டது மகள்.

மட்டக்களப்பில் டெங்கு ஏறுகிற காலமே இந்த மாரிக்காலம்தான், நவம்பரிலிருந்து ஜனவரி வரை. நத்தார் அதன் நட்ட நடுவில் வருகிறது. யோகட் கப், வெட்டின போத்தல், சிரட்டை, பேணி இவையெல்லாம் நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருபது வருடம் வீடு வீடாகப் போய்க் கவிழ்த்த பொருள்கள். அதே பொருளை நீங்கள் நூலில் கோத்து மழையில் தொங்கவிடப்போகிறீர்கள். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் போதும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள். தண்ணீர் வற்றினாலும் முட்டை செத்துவிடாது, கப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. ஆசுபத்திரி வார்ட்டில் கட்டிலுக்குக் கீழே பிள்ளைகள் படுத்திருந்ததைக் கண்டவன் நான்.

கல்லடிப் பிள்ளை | 8.40

ஐயா, கப்புகளைக் கவிழ்த்து மணிபோலத் தொங்கவிட்டால்? அடியில் ஓட்டை போட்டால்?

ஓய்வு பி.எச்.ஐ. | 8.58

கவிழ்த்த கப் சரி. காற்றில் புரளாமல் கட்ட வேண்டும். ஓட்டையை நம்பாதீர்கள், ஒரு வேப்பிலை விழுந்தால் அடைத்துவிடும். இதழ் இதழாக மடித்த போத்தல் பூ கூடவே கூடாது. என்னைக் கேட்டால் கூரைக்கு வெளியே தட்டையான சோடனை மட்டும் வையுங்கள். தாண்டவன்வெளித் தம்பி சொன்ன புல்லுச் சிரட்டைகளையும், ஞானிகள் வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சித் திருநாளுக்கு மறுநாளே மண்ணோடு கொட்டிவிடுங்கள்.

பஜார் கடைக்காரன் | முற்பகல் 11.30

கடை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் எழுதுகிறேன். எல்லோரும் யானை, நுளம்பு என்று பேசுகிறீர்கள். என்னைப் போன்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுங்கள்.

டிசம்பர் மூன்று கிழமை வியாபாரத்தில் வருகிற காசில்தான் நான் பாடசாலைக் கொப்பிச் சரக்கு எடுப்பேன். 2020, 2021 கொரோனாவில் போனது. 2022இல் டொலர் இல்லாமல் சரக்கே வரவில்லை. இப்போதுதான் நிமிர்கிறோம். "கடையில் ஒன்றும் வாங்குவதில்லை" என்று கோயிலில் அறிவித்தால் அது எங்கள் வயிற்றில் விழுகிற அடி. என் கடையில் எல்லாமே பிளாஸ்டிக் இல்லை. மூங்கில் சீவி, டிசுத்தாள் ஒட்டி, வீட்டிலிருந்தே நட்சத்திரக் கூடு செய்து தருகிற பெண்கள் நாலு பேர் இருக்கிறார்கள். நீங்கள் வாங்காவிட்டால் அவர்களுக்கும் இல்லை.

ஒளிவிழா ஆசிரியை | பிற்பகல் 1.05

தம்பி, உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் 2017 செப்டெம்பர் 1 முதல் சமய விழாவோ அரசியல் கூட்டமோ, எதற்கும் பொலித்தீனில் சோடிக்கக் கூடாது என்பது சட்டம். 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் பூமாலையும் தடை. அந்தச் சரக்கு உங்கள் கடையிலிருந்து போகத்தான் வேண்டும். அந்த நாலு பெண்களின் கூட்டை எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள், சனிக்கிழமை வருகிறேன்.

பஜார் கடைக்காரன் | 1.20

பொலித்தீன் கொடி நான் விற்பதில்லை டீச்சர். மினுங்கும் தோரணம் விற்கிறேன், மறைக்கவில்லை. ஆட்கள் கேட்கிறார்கள். கேட்காவிட்டால் எடுக்கமாட்டேன். பிள்ளை அந்த அறிவிப்பை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. "பிளாஸ்டிக் வாங்க வேண்டாம்" என்று சொல்லுங்கள், "கடைக்கே போகாதீர்கள்" என்று சொல்லாதீர்கள்.

நாவலடி | இரவு 9.15

நான் இங்கே எழுதுவது குறைவு. இரண்டு விஷயம்.

சவுக்குக் கிளை வெட்டப்போவதாகப் பிள்ளை முதலில் எழுதியிருந்தது. கரையில் நிற்கிற சவுக்குகளில் பல சுனாமிக்குப் பிறகு காற்றுக்கும் மணலுக்கும் அணையாக நட்டவை. தயவுசெய்து கத்தி வைக்காதீர்கள். இந்தக் காற்றுக்குத் தானாக முறிந்து விழுகிற கிளை போதிய அளவு கிடக்கும்.

மற்றது, 2004 நத்தாருக்கு எங்கள் வீட்டு முகப்பில் பெரிய நட்சத்திரம் கட்டினேன், காசு கொடுத்து வாங்கினது. மறுநாள் காலை வீடே இல்லை. யார் யார் இல்லை என்பதை இங்கே எழுத என்னால் முடியாது. அதன் பிறகு பல வருடம் எங்கள் வீட்டில் சோடனை இல்லை. பூசைக்குப் போவோம், வருவோம். சுனாமிக்குப் பிறகு பிறந்த மகள் ஒருநாள் பால்மா பைக்கற்றைக் கழுவித் துடைத்து ஒரு சின்ன நட்சத்திரம் வெட்டி யன்னலில் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தாள். கோணல். ஐந்து முனையில் ஒன்று கட்டை. கடையில் வாங்கி வந்திருந்தால் நான் கழற்றச் சொல்லியிருப்பேன். அதைக் கழற்றச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அதே நட்சத்திரத்தைத்தான் ஒட்டுகிறோம்.

அந்த மாமிக்குப் பதில் வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள்.

புளியந்தீவு அறுபது | 9.50

நாவலடித் தம்பி, உங்கள் மகளின் நட்சத்திரத்துக்கு மேல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பிள்ளை, நான் என் கருத்தை விட்டுவிடவில்லை. தயிர்ச்சட்டி சரி, அது எங்கள் மண். கவிழ்த்துக் கட்டி மணியாக்குங்கள், வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வடிவாக இருக்கும். வெள்ளி நட்சத்திரமும் சரி. யோகட் கப் பீடத்துக்குப் பக்கத்தில் வந்தால் பங்குத்தந்தையிடமே போய்ச் சொல்வேன்.

தாண்டவன்வெளி | 10.02

அப்படியென்றால் கப்பை மண்டபத்துக்குள் வைக்கட்டும் அண்ணன். பிள்ளைகள் கழுவிக் கொண்டுவந்தது, திருப்பி அனுப்பினால் மனம் உடைந்துவிடும்.

கல்லடிப் பிள்ளை | 10.20

எல்லோருக்கும் நன்றி. இன்று இரவே குழுவில் பேசினோம். போத்தல் பூ இல்லை. போத்தல்களை ஏறாவூர் அண்ணனின் வாப்பா வந்து எடுக்கலாம். கிளை விழுந்தது மட்டும். ஞாயிறு அறிவிப்பை மாற்றி, நட்சத்திரக் கூடு இரண்டு பஜாரில் வாங்குகிறோம். கப்பைப் பற்றி இன்னும் முடிவு வரவில்லை, எங்களுக்குள்ளேயே இரண்டு பக்கம். தயிர்ச்சட்டி இருபது இருக்கிறது, இன்னும் ஒரு பத்து தேவை. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், சைக்கிளில் வந்து எடுப்போம்.

ஓய்வு பி.எச்.ஐ. | 10.31

என் வீட்டில் ஆறு சட்டி. அதிருக்க, அந்தப் போத்தல்கள் இப்போது எங்கே மகள்? பின்னேரத்திலிருந்து மழை பெய்கிறது.

கல்லடிப் பிள்ளை | 10.34

மண்டபத்துக் கதவோரம், வெளியே. மூடி இல்லாமல்தான் கிடக்கிறது. தம்பியைக் கூட்டிக்கொண்டு இப்போதே போகிறேன் ஐயா.