மறுமொழி: ‘நியூக்ளியர் ரோல்பேக்’ – ‘அணு ஆயுதத் துறப்பு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு நாடு தன் அணு ஆயுதத்தையோ அதற்கான திட்டத்தையோ விட்டுவிடுவதை ஆங்கிலத்தில் ‘நியூக்ளியர் ரோல்பேக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில், ‘அணு ஆயுத ஒழிப்பு’ என்பதே இதற்கும் போதும் என்ற கருத்து எனக்கு ஒப்பவில்லை. ஒழிப்பு என்றால் உலகத்திலேயே இல்லாமல் ஆக்குவது. ‘ஆயுதக் களைவு’ என்றால் வேறொருவர் வந்து பிடுங்கியதாகவும் படும். ஒரு நாடு தான் செய்த குண்டைத் தானே வேண்டாம் என்று விடுவதற்கு ‘அணு ஆயுதத் துறப்பு’ என்று வைக்கலாம்.

தென்னாப்பிரிக்காவையே பாருங்கள். ஆறு அணுகுண்டுகள் கையில் இருந்தன; ஏழாவது பாதியில் நின்றது. 1988 டிசம்பர் உடன்பாட்டின்படி சோவியத் ஆதரவு பெற்ற கியூபப் படைகள் அங்கோலாவிலிருந்து வெளியேறத் தொடங்கின, தென்னாப்பிரிக்கா ஆண்டுவந்த நமீபியாவின் விடுதலை உறுதியானது, சோவியத் பயமும் தணிந்தது. இனி யாருக்கு எதிராக அந்தக் குண்டு? 1990 பிப்ரவரியில் அன்றைய அதிபர் டி கிளர்க் குண்டுகளைப் பிரித்துவிட உத்தரவிட்டார். யுரேனியத்தை உருக்கிப் பெலிண்டாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள், வரைபடங்களை அழித்தார்கள், கலஹாரி பாலைவனத்தில் சோதனைக்குத் தோண்டிய குழிகளை அடைத்தார்கள். 1991 ஜூலையில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். குண்டு இருந்ததையே 1993 மார்ச் 24 அன்றுதான் நாடாளுமன்றத்தில் சொன்னார் டி கிளர்க். வரப்போகும் கறுப்பின அரசின் கைக்கு அது போய்விடக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இத்தனை கணக்குப் போட்டுச் செய்ததைத் துறப்பு என்பதா, அது துறவியை நினைவூட்டாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பதவி துறந்தவர், முடி துறந்த மன்னர் என்று சொல்லும்போது நாம் மனத்தூய்மையைத் தேடுவதில்லை. ‘பொறுப்புத் துறப்பு’ அன்றாட வழக்கிலேயே வந்துவிட்டது.

உக்ரைனை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அந்த மண்ணில் சோவியத் ஒன்றியம் விட்டுச்சென்ற சுமார் 1,900 நெடுந்தூர அணு ஆயுதங்கள் இருந்தாலும் ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்தது. 1994-ல் ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் புடாபெஸ்டில் தந்த பாதுகாப்பு உறுதிமொழிகளை நம்பி, 1996-க்குள் எல்லாவற்றையும் ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அது ‘ஒப்படைப்பு’. உறுதிமொழி தந்த ரஷ்யாவே 2014-ல் கிரிமியாவைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். அப்புறம், லிபியா குண்டே செய்யவில்லை. 2003-ல் அது விட்டது திட்டத்தை. அதற்குத் ‘திட்டக் கைவிடல்’ போதும்.

‘அணு ஆயுதம் துறந்த நாடு’ என்று பெயரெச்சமாகவும் இது இயல்பாக வருகிறது. வேறு சொல் முன்வைப்பவர்கள் அதன் வினை வடிவத்தையும் சேர்த்து எழுதுங்கள்.